வராத வெள்ளத்துக்கு வந்த செலவு

நகராட்சிப் பண்டகசாலையின் பொறுப்பாளரை ஊரில் யாரும் பதவிப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இடுப்பில் பதினோரு சாவிகள் தொங்கும் வளையத்தோடு இருபத்தாறு வருஷமாக நடமாடியவரை எல்லாரும் சாவிக்காரர் என்றே சொன்னார்கள். மண்வெட்டி, ப்ளீச்சிங் பவுடர், தெருவிளக்கு பல்பு, சாலைத் தடுப்புக் கட்டை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு துடைப்பம் வெளியே போனாலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஊர் பிழைத்தது. அவர் மாட்டிக்கொண்டார்.

மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், இரண்டு நாளில் ஆறு கரை புரளும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தகவல் வந்தது. ஆணையர் அப்போது ஊரில் இல்லை. ‘பேரிடர் நேரத்தில் விரைந்து முடிவெடுப்பது எப்படி’ என்ற மூன்று நாள் பயிற்சிக்காகத் தலைநகரம் போயிருந்தார். பொறியாளர் பதவி நாலு வருஷமாகக் காலி. சாவிக்காரர் போன்மேல் போன் போட்டு, தேநீர் இடைவேளையில் ஆணையரைப் பிடித்தார். “நீங்களே ஏதாவது முடிவெடுங்க, வந்து பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஆணையர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

சந்தைக்குப் பின்னால் ஆறு பெண்களை வைத்துச் சாக்குத் தைத்து விற்கும் ஓர் அம்மாள் இருந்தார். ஊருக்கே அவர் சாக்குக்கடை அக்கா. சாவிக்காரர் அவரிடம் போய் நாற்பதாயிரம் சாக்கு கேட்டார். அக்கா இரண்டே கேள்விதான் கேட்டார்: எப்போது வேண்டும், கையெழுத்து யாருடையது. இன்றைக்கே வேண்டும், கையெழுத்து என்னுடையது என்றார் சாவிக்காரர். “நீங்க போட்டா சரிதான் தம்பி” என்று சொல்லி, தன்னிடம் இருந்த ஒன்பதாயிரம் போக மீதியை வட்டிக்குப் பணம் வாங்கி வெளியூரிலிருந்து இறக்கினார். லாரியில் மணல் வந்தது. வாடகைக்கு ஆறு மோட்டார் வந்தது. ஆற்றை ஒட்டிய கரைத்தெரு ஜனங்கள் ஆணும் பெண்ணுமாக மூட்டை கட்டி, நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கிலோமீட்டர் நீளச் சுவரை எழுப்பினார்கள்.

வெள்ளம் வந்தது. மூட்டைச் சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நாலு நாள் நின்று பார்த்தது. பிறகு போய்விட்டது. ஊருக்குள் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. யாரும் ஒரு மூட்டையும் போடாத பக்கத்து ஊரில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியது. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு திரும்பிய ஆணையர் மூட்டைகள்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அதன்பிறகுதான் செலவுக் கணக்கு எழுந்தது.

வெள்ளத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நகரம் செலவழித்தால் அரசு அதை ஈடுகட்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்காகவே தலைநகரத்தில் ஒரு துறையும் ஐந்து மாடிக் கட்டடமும் உண்டு. ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்று வாசலில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். அதைப் படித்ததும் சாவிக்காரருக்குத் தெம்பு வந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் ஒரு பிரிவு அலுவலர் விண்ணப்பத்தை வாங்கிக் கணினியில் ஏற்றினார். தன்மையான மனிதர், உட்காரச் சொன்னார். மூன்றாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. இறந்தவர்கள், இடிந்த வீடுகள், அடித்துச் செல்லப்பட்ட கால்நடைகள் என்று அங்கே ஏழு கட்டங்கள் இருந்தன. சாவிக்காரர் ஏழிலும் பூஜ்யம் எழுதியிருந்தார். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவரைப்போல உள்ளூரப் பெருமையோடுதான் எழுதியிருந்தார்.

“பூஜ்யம் போட்டா இது வாங்காதுங்க” என்றார் அலுவலர்.

“யாருமே சாகலையே சார்.”

“புரியுது. ஆனா பூஜ்யம்னா நீங்க கட்டத்தை நிரப்பலைன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். பெருசா ஒண்ணும் வேண்டாம். ஏழுல ஏதாவது ஒண்ணுல ஒரு எண் இருந்தாப் போதும். யோசிச்சுப் பாருங்க.”

சாவிக்காரர் யோசித்தார். வீட்டில் படுத்திருக்கும் மாமனாரின் நினைவு ஒரு கணம் வந்தது. சீ என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார். வெள்ளம் வந்த வாரத்தில் தொண்ணூற்று மூன்று வயசுப் பெரியவர் ஒருவர் தூக்கத்திலேயே போனதை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அலுவலர் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார்.

“படுக்கை நனைஞ்சிருந்ததா?”

எதனால் நனைந்திருக்கலாம் என்று சாவிக்காரர் விளக்க ஆரம்பித்ததும் அலுவலர் பெருமூச்சு விட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆறு மாதத்தில் சாவிக்காரர் ஏழு தடவை தலைநகரம் போய்வந்தார். மணல் வாங்கியதற்கு மூன்று விலைப்புள்ளி எங்கே என்று ஒரு தடவை கேட்டார்கள். ஆறு நிரம்பி வருவதை முன்கூட்டியே செய்தித்தாளில் விளம்பரம் செய்து ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்க வேண்டாமா, முப்பது நாள் அவகாசம் தர வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டார்கள். வெள்ளம் முப்பது நாள் காத்திருக்காது என்று அவர் சொன்னதை, ‘காலக்கெடுவைக் கடைப்பிடிக்க வெள்ளம் தவறியது’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைதோறும் சாக்குக்கடை அக்கா பண்டகசாலைக்கு வருவார். வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடிப்பார். “வரேன் தம்பி” என்று எழுந்து போய்விடுவார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வட்டி கட்ட முடியாமல் ஆறு பேரில் இரண்டு பேரை அவர் நிறுத்திவிட்ட செய்தியைச் சந்தையில் வேறு யாரோதான் சொன்னார்கள். “அந்தக்கா நாலு வார்த்தை திட்டிட்டாக்கூடத் தேவலை. சும்மா உக்காந்துட்டுப் போறாங்களே, அதுதான் தாங்கலை” என்றாள் சாவிக்காரரின் மனைவி. திங்கட்கிழமைகளில் அவருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

வெள்ளம் வந்து எட்டு மாதம் கழித்து, கோடையின் உச்சத்தில், வெள்ளத்தைப் பார்வையிட ஒரு குழு வந்தது. மூன்று கார்கள், துறை இயக்குநரும் நாலு அதிகாரிகளும். ஆறு அப்போது பூணூல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, வெள்ளம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே என்றார்.

பிறகு தெருத்தெருவாகப் போய்ச் சுவர்களில் தண்ணீர் நின்ற தடத்தைத் தேடினார்கள். ஒரு சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறை தெரிந்ததும் அதிகாரிகள் உற்சாகமாகி அளவு நாடாவை எடுத்தார்கள். அது சைக்கிள் சாய்த்துச் சாய்த்து வந்த அழுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வெள்ளத்தால் என்ன துன்பம் அடைந்தீர்கள் என்று கரைத்தெருப் பெண் ஒருத்தியைக் கேட்டார்கள். மூட்டை தூக்கித் தூக்கி இன்னும் முதுகு வலிக்கிறது என்றாள். முதுகுவலி பட்டியலில் இல்லை.

கடைசியாக மூட்டைகளை எண்ணினார்கள். வெயிலில் கிழிந்தது, சரிந்தது போக முப்பத்தோராயிரத்து இருநூற்றாறு தேறியது. மீதி எண்ணாயிரத்துச் சொச்சம் மூட்டைக்குச் சாவிக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். ஆற்று மணலை ஆற்றிலிருந்தே எடுத்ததற்குக் கனிமத் துறையிடம் அனுமதி வாங்கினாரா என்றும் ஒரு கேள்வி முளைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். சாவிக்காரர் அந்தச் சாண்கூட ஏறவில்லை; நின்ற இடத்திலேயே சறுக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் நகராட்சி மன்றத்தில் கூட்டம் கூட்டி இயக்குநர் பேசினார்.

“பத்தொம்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். எத்தனையோ வெள்ளம் பார்த்திருக்கேன். பக்கத்து ஊரையே எடுத்துக்கங்க. முந்நூறு வீடு போச்சு. அந்தத் துக்கத்துலயும் ஒரு விண்ணப்பம் அனுப்பினாங்க பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். ஒரு கட்டம் காலியா இல்லை. கேட்டதைக் கொடுத்தோம், மேல ஒரு விருதும் கொடுத்தோம். உங்ககிட்ட என்ன இருக்கு? செலவு இருக்கு, சேதம் இல்லை. சேதம் இல்லைன்னா வெள்ளம் வரலைன்னு அர்த்தம். வராத வெள்ளத்தை எப்படித் தடுத்தீங்க? சரி, தடுத்தீங்கன்னே வெச்சுக்குவோம். அதுக்குப் பணம் கொடுத்தா நாளைக்கு ஒவ்வொரு ஊரும் தடுக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் எங்க துறை எதுக்கு? நானூறு குடும்பம் இந்தத் துறையை நம்பி இருக்கு. அவங்களை நடுத்தெருவுல விடச் சொல்றீங்களா?”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் சாவிக்காரரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

காரில் ஏறுமுன் இயக்குநர் ஆணையரைத் தனியே அழைத்து ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். ஒரு தெரு, முழங்கால் அளவு தண்ணீர், ஒரு போட்டோ. மற்றதைத் துறை பார்த்துக்கொள்ளும். பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஈட்டுத்தொகை மறுக்கப்பட்டிருந்தது. அனுமதியின்றிச் செய்த செலவைக் கையெழுத்திட்டவரின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யுமாறும் எழுதியிருந்தது. மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சாவிக்காரர் இன்னும் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்தால் கடன் அடையும்.

மழைக்காலம் நெருங்கியது. ஆணையர் உறுப்பினர்களைக் கூட்டி இயக்குநரின் யோசனையை முன்வைத்தார். இந்த வருஷம் முதலில் தண்ணீர் வரட்டும், பிறகு தடுப்போம். எந்தத் தெருவுக்குள் விடலாம் என்று மன்றமே முடிவு செய்யட்டும் என்றார். உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். என் ஜனங்களை முழுகவிடவா என்னை இங்கே அனுப்பினார்கள் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். நிவாரணம் வீட்டுக்கு ஐம்பதாயிரம் என்று ஆணையர் மெதுவாகச் சொன்னார். மேசையைத் தட்டியவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து, தன் வார்டைத் தொடர்ந்து புறக்கணிப்பதை இனியும் பொறுக்க முடியாது, முதல் தண்ணீர் அங்கேதான் வர வேண்டும் என்றார்.

அதன்பின் கூட்டத்தை அடக்க முடியவில்லை. மலைச்சரிவில் இருந்த வார்டின் உறுப்பினர் தழுதழுத்துவிட்டார். “மேட்டுல குடியிருக்கறது எங்க ஜனங்க குத்தமா? எங்களுக்கு வெள்ளம் பார்க்கற உரிமை இல்லையா?” நியாயம்தான் என்று மன்றம் கருதியது. அந்த வார்டுக்கு மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுவதென்றும், வாடகையை வெள்ளச் செலவிலேயே சேர்ப்பதென்றும் தீர்மானமாயிற்று. சாயங்காலத்துக்குள் ஆறு தெருக்கள், நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட பட்டியல் தயாரானது.

அதில் கரைத்தெரு இல்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த சாவிக்காரர் கையைத் தூக்கி, தண்ணீர் எப்படி வந்தாலும் முதலில் கரைத்தெருவுக்குள்தானே போகும் என்று கேட்டார். அங்கே யார் வீட்டுக்கும் பத்திரம் கிடையாது, பத்திரம் இல்லாத வீட்டுக்கு நிவாரணமும் கிடையாது என்று ஆணையர் பொறுமையாக விளக்கினார்.

“தண்ணி அங்க போறதை நாம தடுக்க முடியாதுங்க. ஆனா பட்டியல்ல இல்லாத தெருவுக்குள்ள போனா அது வெள்ளம் கிடையாது. வெறும் தண்ணி.”

முழங்கால் அளவு வரும்வரை பண்டகசாலையைத் திறக்கக் கூடாதென்று சாவிக்காரருக்கு எழுத்துமூலம் உத்தரவு வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை ஆறு மறுபடி ஏறியது. ஆணையர் கடைவீதி முனையில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் போட்டோக்காரர், எதிரே முழங்கால் உயரத்தில் சிவப்புக்கோடு போட்ட ஒரு கழி. பட்டியலில் இருந்த தெருக்காரர்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, பழைய கட்டிலையும் ஓடாத மிக்ஸியையும் பார்த்துப் பார்த்து வாசலில் வைத்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கரைத்தெருவின் முதல் வீட்டு அடுப்பு அணைந்தது.

சாவிக்காரர் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே, மணலைக் கொட்டிவிட்டுத் துவைத்துத் தைத்து அடுக்கிய முப்பத்தோராயிரம் சாக்குகள். கரைத்தெரு ஜனங்கள் முப்பது நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து எதிரே நின்றார்கள். அவர் கையில் இருந்த உத்தரவு கசங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் மாமனாரின் மருந்துக்கு என்ன செய்வது என்று நினைத்தார். வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை.

வழக்கம்போல அக்கா வந்தார். அன்றைக்கு அவர் பெஞ்சில் உட்காரவில்லை. பானைப் பக்கமும் போகவில்லை.

“என் பணம் எங்கயும் ஓடிடாது தம்பி. அது கிடக்கட்டும். கதவைத் திறங்க. என்கிட்ட தைக்கிறவங்க நாலு பேரும் அந்தத் தெருதான்.”

சாவிக்காரர் எழுந்தார். பதினோரு சாவிகளில் அந்தக் கதவின் சாவியைப் பிரித்துப் பூட்டில் போட்டார். கதவு திறந்தது. ஒருவன் சாக்குக்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பழக்கத்தில், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான். போ, நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். அப்படியே போடவும் செய்தார்: தேதி, நேரம், எண்ணிக்கை, கீழே தன் பெயர்.

சாயங்காலம் ஆறு மணிவரை ஆணையர் காத்திருந்தார். கழியின் அடிகூட நனையவில்லை. வெறிச்சோடிய, காய்ந்த தெருவை அவர் வெறித்துப் பார்க்கும் காட்சியைப் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். வந்ததற்கு ஏதாவது எடுக்க வேண்டுமே. வாசலில் வைத்த பழைய கட்டிலை ஜனங்கள் முனகிக்கொண்டே உள்ளே இழுத்துப் போட்டார்கள். எதிரே வந்த சாவிக்காரரைப் பார்த்து இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சாவி வளையத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு குறிப்பாணையைக் கையில் கொடுத்தார்கள். மேலதிகாரியின் உத்தரவை மீறி, முன்னனுமதியின்றி வெள்ளத்தைத் தடுத்து, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு முறைப்படி ஏற்பட்டிருக்க வேண்டிய சேதத்தை ஏற்படாமல் செய்து, வெள்ளம் தொடர்பாக நகராட்சிக்கு இரண்டு கோடியே ஆறு லட்சம் இழப்பு உண்டாக்கினார் என்பது குற்றச்சாட்டு.

பாதிச் சம்பளத்தில் பிடித்தத்தையும் கட்ட முடியாது. கொஞ்சம் தள்ளிவைக்கும்படி கேட்கலாம் என்று சாவிக்காரர் ஒன்பதாம் முறையாகத் தலைநகரம் போனார். ஆதாரம் கேட்பார்களே என்று குறிப்பாணையையும் எடுத்துப் போனார். பிரிவு அலுவலர் வழக்கம்போல உட்காரச் சொன்னார். அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு கணினியில் பழைய விண்ணப்பத்தை வரவழைத்து, ஏழாவது கட்டத்தில், ‘வெள்ளம் தொடர்பாக நகராட்சிக்கு ஏற்பட்ட நிதி இழப்பு’ என்ற இடத்தில், இரண்டு கோடியே ஆறு லட்சத்தை அடித்தார். கணினி வாங்கிக்கொண்டது.

“ஆணையரே கையெழுத்துப் போட்ட இழப்பு. முத்திரைகூட இருக்கு. இப்படி ஒரு சேதத்தைக் கையில வெச்சுக்கிட்டா தள்ளிவைக்கச் சொல்லிக் கேக்க வந்தீங்க?” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பணம் வந்துவிட்டது. இரண்டு வருஷச் செலவும் ஒரு காசு குறையாமல் வந்தது. பிடித்த சம்பளத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். சாக்குக்கடை அக்கா கடனை அடைத்து, நிறுத்திய இரண்டு பேரையும் மறுபடி வேலைக்கு வைத்தார். ஆணையருக்கு விருது கொடுத்தார்கள்.

இனி என்ன, வேலைக்குத் திரும்பலாம் என்று சாவிக்காரர் சலவை செய்த சட்டையோடு போய் நின்றார். ஆணையர் அவரை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். அப்படி அவர் யாருக்கும் வரவழைத்ததில்லை.

“உங்கமேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியாதா? விசாரணை அதிகாரிக்கும் தெரியும். ஆனா அதை எழுத்துல கொடுத்தா இழப்பே இல்லைன்னு ஆயிடும். இழப்பு இல்லைன்னா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. அந்தம்மாகிட்ட போய்ப் பணத்தைக் கொடுன்னு கேக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

முடியாது என்றார் சாவிக்காரர்.

“அதான். ஊர் நல்லதுக்காக நீங்க கொஞ்ச காலம் குற்றவாளியாவே இருந்துடுங்க.”

விசாரணை மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. விசாரணை அதிகாரியும் அவரும் தேநீர் குடித்துவிட்டு அடுத்த தேதி குறித்துக்கொள்கிறார்கள். சாவிக்காரர் அக்காவின் கடையில் சாக்குகளை எண்ணிக் கட்டுப்போடும் வேலையில் சேர்ந்தார். திங்கட்கிழமைகளில் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி சொல்லிக்கொள்கிறாள்.

துறையும் சும்மா இருக்கவில்லை. வெள்ளத்தைத் தடுத்த நகரங்கள் இனிமேல் ஈட்டுத்தொகை கோரும்போது, தடுத்ததற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஊழியர் ஒருவரின் ஆணை நகலை இணைக்க வேண்டும் என்று இயக்குநர் எல்லா ஊருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். நடைமுறை எளிமையாக்கப்பட்டதாகப் பலரும் பாராட்டினார்கள்.

மழைக்கு ஒரு மாதம் முன்பு, முந்நூறு வீடு இழந்த பக்கத்து ஊரின் பண்டகசாலைக்காரர் அக்காவின் கடையைத் தேடி வந்தார். ஐம்பதாயிரம் சாக்கு வேண்டுமென்றார். மடியிலிருந்து அந்தச் சுற்றறிக்கையை எடுத்துப் பிரித்து, சாவிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பதைச் சொன்னார். குற்றச்சாட்டு எப்படி அமைந்தால் நல்லது, எதையாவது முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சாவிக்காரர் எண்ணிக்கொண்டிருந்த கட்டை முடித்து முடிச்சுப் போட்டார்.

“நீங்க முதல்ல மூட்டையை அடுக்குங்க. மெமோவை அவங்களே நல்லா எழுதிக்குவாங்க.”